42 லட்சம் வியூஸ், 35 ஆயிரம் ரூபாய்: வைரல் பாட்டோட காசு யார் கைக்குப் போகுது?

"ஏனுங்க தம்பி, 42 லட்சம் பேரு பார்த்திருக்காங்கன்னா, ஆளுக்கு ஒரு ரூபா வந்தாக்கூட 42 லட்சம் ஆச்சுங்களே? இவனுக்கு 35 ஆயிரந்தான் வந்துச்சுங்கறான். மீதி எங்கீங்க போச்சு?"

கோயம்புத்தூர்ல என் ஆபீஸ். மார்ச் மாசக் கடைசி, மேஜை முழுக்க ஃபைல். கேட்டது ஒரு அம்மா. பக்கத்துல அவங்க பையன், 23 வயசு, தலையைக் குனிஞ்சு போனைப் பார்த்துட்டு இருந்தான். ஈரோடு பக்கம் ஊரு. பகல்ல துணிக் கம்பெனி வேலை, ராத்திரி பாட்டு. வரிகள் அவனே, மெட்டு அவனே, குரலும் அவனே. ஒரு யூடியூப் மியூசிக் சேனல் அந்தப் பாட்டை ரெக்கார்ட் பண்ணி வீடியோவா வெளியிட்டாங்க. 3 மாசத்துல 42 லட்சம் வியூஸ். அந்த ஆடியோவை வெச்சு ரீல்ஸ் போட்டவங்க 50 ஆயிரத்துக்கு மேல. பாட்டோட பேரைச் சொல்லப் போறதில்லை, ஏன்னு கொஞ்ச நேரத்துல புரியும்.

அவங்க வந்தது வரி விஷயமா இல்லை. அதே சேனல் இப்போ ஒரு புது ஒப்பந்தம் நீட்டியிருக்காங்க. 3 வருஷம், 5 பாட்டு, 1.5 லட்சம் அட்வான்ஸ். அடுத்த வீடியோவைப் பெருசா எடுக்கணும், 4 லட்சம் ஆகும், அந்தச் செலவு பையனோடது. அம்மாகிட்ட 8 பவுன் நகை இருக்கு. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு சேர்த்தது. அதை அடகு வைக்கலாமா? இதுதான் கேள்வி.

வீடியோவுல இதைப் பேசினப்போ நேரம் பத்தலை. கணக்கை முழுசா இங்கே எழுதறேன்.

வியூஸ் என்பது வருமானம் இல்லை

முதல்ல அந்த அம்மாவோட ஒரு ரூபாய்க் கணக்கு. கேட்டதுல தப்பே இல்லை. டீக்கடையில் 42 லட்சம் டீ போச்சுன்னா கல்லாவுல அதுக்கான காசு இருக்கணும். ஆனா ஆன்லைன்ல பாட்டு கேட்கிறவர் காசு கொடுக்கறதில்லை. விளம்பரதாரரோ, சந்தா கட்டினவரோ கொடுக்கறார். அந்தப் பணம் எந்தக் கதவு வழியா வருதுங்கறதைப் பொறுத்துத் தொகை மாறும்.

ரீல்ஸ் ஒரு கதவு. பாடகருக்கு ஒரு வியூவுக்கு இவ்வளவுன்னு போட்ட விலைப்பட்டியல் அங்கே கிடையாது. மியூசிக் கம்பெனிகளோடும் விநியோகஸ்தர்களோடும் அந்தத் தளம் ஒப்பந்தம் போட்டிருக்கும். பணம் அவங்களுக்குப் போய், அங்கிருந்து பங்கு பிரிஞ்சு வரணும். 50 ஆயிரம் பேர் ரீல்ஸ் போட்டதுல பையனோட வங்கிக் கணக்குக்கு நேரா வந்தது பூஜ்யம்.

யூடியூப் ஷார்ட்ஸ் இன்னொரு கதவு. 2023 பிப்ரவரியில் இருந்து விளம்பரப் பணத்துல பங்கு உண்டு. யாரோ ஒருத்தர் ஒரு பாட்டை வெச்சு ஷார்ட்ஸ் போட்டா, அந்த வியூஸுக்கான பணத்துல பாதி மியூசிக் உரிமைக்கு ஒதுங்குது. மீதிப் பாதி கிரியேட்டர்களுக்கான பொதுத் தொகுப்புக்குப் போகுது, அதுல அவங்க பங்குக்கு வர்றதுல 45%தான் அவங்க கைக்கு. ரெண்டு பாட்டு பயன்படுத்தினா மூணுல ரெண்டு பங்கு மியூசிக்குக்கு. ஆக, பாட்டுக்கு ஒரு பணம் ஒதுங்கத்தான் செய்யுது. அதை வாங்கிக்கறது யார்ங்கறதுதான் விஷயம்.

ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்கள் மூணாவது கதவு. அங்கேயும் ஒரு தடவை கேட்டா இவ்வளவுன்னு நிலையான விலை இல்லை. மொத்த வசூலைக் குவிச்சு, யாரோட பாட்டு எத்தனை சதவீதம் ஓடுச்சோ அந்த விகிதத்துல பிரிக்கறாங்க. 2024-ல் இருந்து, 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு அந்தப் பங்கும் கிடையாது.

வைரலுக்கும் வியாபாரத்துக்கும் எவ்வளவு தூரம்னு காட்ட ஒரு எண் போதும். உலகத்தின் பெரிய மியூசிக் கம்பெனி யுனிவர்சல். 2024 ஜனவரி கடைசியில் டிக்டாக்கோடு சண்டை போட்டு தன் பாடல்களை அங்கிருந்து எடுத்துட்டாங்க. அப்போ அவங்களே சொன்னது: எங்க மொத்த வருமானத்துல டிக்டாக் பங்கு சுமார் 1%. எந்தப் பாட்டு ஹிட் ஆகணும்னு முடிவு பண்ற இடமா உலகமே அந்த ஆப்பைச் சொல்லிட்டு இருந்த நேரம் அது. மே மாசம் சமாதானம் ஆயிட்டாங்க, அது வேற. 100 ரூபாய் வருமானத்துல 1 ரூபாய்ங்கறதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

மனை ஒருத்தர் பேர்ல, கட்டடம் இன்னொருத்தர் பேர்ல

அந்த அம்மாவுக்கு நான் பேப்பர்ல ஒரு வீடு வரைஞ்சு காட்டினேன். சட்டப்படி ஒரு பாட்டுல ரெண்டு சொத்து இருக்கு. வரிகளும் மெட்டும் ஒரு சொத்து, அதை மனைன்னு வெச்சுக்கோங்க. அதை ஸ்டூடியோவில் பாடிப் பதிவு பண்ண ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. மாஸ்டர்னு சொல்வாங்க. அது மனை மேல கட்டின கட்டடம். பதிவுக்குச் செலவு செஞ்சு தயாரிச்சவர்தான் பொதுவா கட்டடத்துக்கு ஓனர். வாடகை வரும்போது ரெண்டு ஓனருக்கும் பங்கு உண்டு, ஆனா பெரும்பகுதி பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான் போகும்.

இலங்கையோட 'மணிகே மகே ஹிதே' ஞாபகம் இருக்கா? 2021-ல் யோஹானி குரல்ல இந்தியா முழுக்க ஓடுச்சு. ஆனா அது கவர் வெர்ஷன். சதீஷன் அதை 2020-லேயே வெளியிட்டிருந்தார். நாம கேட்டது புதுக் கட்டடம், மனை பழசு. பிறகு 2022-ல் 'தேங்க் காட்' இந்திப் படத்துக்காக அதே மனையில் இன்னொரு கட்டடம் எழும்புச்சு.

அமெரிக்காவில் இதைவிட வேடிக்கையான கதை. லில் நாஸ் எக்ஸ்னு ஒரு பையன். 2018-ல் இணையத்துல 30 டாலர் கொடுத்து ஒரு பீட் வாங்கினான். அதைச் செஞ்சவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ. அது மேல எழுதிப் பாடினதுதான் 'ஓல்ட் டவுன் ரோட்'. டிக்டாக்ல பரவி, 2019 மார்ச்சில் கொலம்பியா கம்பெனி அவனை ஒப்பந்தம் பண்ணி, பில்போர்டு பட்டியல்ல 19 வாரம் முதலிடம். இங்கே வைரல் நிஜமாவே வியாபாரமா மாறுச்சு. ஆனா அந்த 30 டாலர் பீட்டுக்குள்ள நைன் இன்ச் நெயில்ஸ் குழு 2008-ல் வெளியிட்ட ஒரு இசைத் துண்டு இருந்துச்சு. கடைசியில் ட்ரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் ரெண்டு பேர் பெயரும் பாட்டை எழுதினவங்க பட்டியல்ல ஏறுச்சு. அவங்க இந்தப் பாட்டுக்காக ஸ்டூடியோ பக்கமே வரலை. மனையில் அவங்களுக்கு ஒரு மூலை இருந்துச்சு, அவ்வளவுதான்.

2013 'ஹார்லெம் ஷேக்' அப்படி நல்லபடியா முடியலை. ஊர் உலகமெல்லாம் ஆபீஸ்ல, காலேஜ்ல ஹெல்மெட் மாட்டி ஆடின பாட்டு. யூடியூப் வியூஸையும் சேர்த்துக் கணக்கிடப் போறோம்னு பில்போர்டு அறிவிச்ச அதே வாரம் நேரா முதலிடம். ஆனா அதுல ரெண்டு பேரோட குரல் துண்டுகள் அனுமதி வாங்காம இருந்துச்சு. ரெண்டு பேரும் வந்து கேட்டாங்க. பாட்டைச் செஞ்ச பாவர், தனக்கு அதுல இருந்து பணம் வரலைன்னு அந்த வருஷமே பேட்டியில் சொன்னார். பட்டியல்ல முதலிடம், பாஸ்புக்ல ஒண்ணுமில்லை.

எதிர்ப்பக்கம் கேட் புஷ். இவங்க கதையை ரியல் எஸ்டேட் பசங்களுக்குத்தான் சொல்லணும். 1985-ல் அவங்க பாடின 'ரன்னிங் அப் தட் ஹில்' பிரிட்டன்ல 3-ஆம் இடம் வரைக்கும் போச்சு. 2022-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர்ல வந்ததும் புதுத் தலைமுறை தலையில் தூக்கி வெச்சுக்கிச்சு. 37 வருஷம் கழிச்சு ஜூன் மாசம் பிரிட்டன்ல முதலிடம். எழுதினது அவங்க, இசை அவங்க, தயாரிப்பு அவங்க. பதிவோட உரிமையும் அவங்களோட சொந்த நிறுவனத்துகிட்ட. மனை, கட்டடம் ரெண்டுக்கும் பட்டா ஒரே பேர்ல.

நம்ம நாட்டுல? மேற்கு வங்காளம் பீர்பூம் மாவட்டத்துல வேர்க்கடலை வித்துட்டு இருந்த பூபன் பாத்யாகர். 'கச்சா பாதாம்' 2022 தொடக்கத்துல எந்த போனைத் திறந்தாலும் ஓடுச்சு. அடுத்த வருஷமே அவர் பத்திரிகைகள்கிட்ட சொன்னது, தன் பாட்டைத் தன்னாலேயே பாடிப் போட முடியலை, காப்பிரைட்னு வருது, தனக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு. இது அவர் தரப்பு. அந்தக் காகிதத்தை நான் பார்த்ததில்லை.

படிக்கத் தெரிஞ்சவங்களுக்கும் இது நடக்குது. தீ, அறிவு பாடின 'எஞ்ஜாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்துச்சு. தமிழ்ல சினிமாவுக்கு வெளியே இவ்வளவு பெருசா ஓடின பாட்டு வேற எதுன்னு யோசிச்சுப் பாருங்க. 3 வருஷம் கழிச்சு, 2024 மார்ச்சில், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில் வந்து, அந்தப் பாட்டுல இருந்து எங்க யாருக்கும் ஒரு பைசாகூட வரலைன்னார். இதுவும் ஒரு தரப்பின் கூற்றுதான், கணக்குப் புத்தகம் பார்க்காம ஆடிட்டரா நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனா இவ்வளவு அனுபவம் உள்ளவங்களுக்கே 3 வருஷம் கழிச்சு வீடியோ போட வேண்டிய நிலைமைன்னா, துணிக் கம்பெனிப் பையன் எம்மாத்திரம்?

அப்போ யார்தான் சம்பாதிச்சாங்க?

சை. 2012 ஜூலையில் வந்த 'கங்னம் ஸ்டைல்', அந்த டிசம்பர்ல யூடியூப்லேயே முதல் முறையா 100 கோடி வியூஸ் தொட்ட வீடியோ. அந்த வருஷம் அவருக்குச் சுமார் 80 லட்சம் டாலர் வரும்னு ஏபி செய்தி நிறுவனம் அப்போ கணக்குப் போட்டுச்சு. அதுல பெரிய துண்டு டிவி விளம்பரங்கள். ஃபிரிட்ஜ், போன் கனெக்‌ஷன், இப்படி. தென் கொரியாவுல பாட்டு டவுன்லோட் அப்போ அவ்வளவு மலிவு, அதுல வந்தது சில்லறை. அதாவது பாட்டு அவருக்கு விசிட்டிங் கார்டு. காசு அந்தக் கார்டைப் பார்த்துக் கூப்பிட்டவங்க கொடுத்தது.

நம்ம 'கொலவெறி'யும் அப்படித்தான். 2011 நவம்பர் 16 வெளியீடு. அனிருத்தோட முதல் படம். பாட்டு உலகம் சுத்துச்சு. 2012 மார்ச் கடைசியில் '3' படம் வந்தப்போ, பாட்டு கிளப்பின எதிர்பார்ப்புக்கு ஏத்த மாதிரி ஓடலை. வைரலோட பலன் படத்துக்குக் கிடைச்சதை விட, அனிருத்தோட அடுத்த பத்து வருஷத்துக்குத்தான் கிடைச்சுதுன்னு நான் நினைக்கிறேன்.

இந்த இடத்துல முதலீட்டாளர்களுக்கு ஒரு சின்ன இடைவேளை. ஒரு பாட்டு ஹிட் ஆனதும் "ப்ரோ, அந்த மியூசிக் கம்பெனி ஷேர் வாங்கலாமா"ன்னு கேட்கிற ஆளுங்க உண்டு. 2012-ல் கொரியாவுல டிஐ கார்ப்பரேஷன்னு ஒரு கம்பெனி ஷேர் சில மாசத்துல பல மடங்கு ஏறுச்சு. அவங்க தொழில் என்ன தெரியுமா? செமிகண்டக்டர் சோதிக்கிற கருவி. சையோட அப்பா அந்தக் கம்பெனித் தலைவர். அவ்வளவுதான் சம்பந்தம்! அப்புறம் இறங்கவும் செஞ்சுச்சு.

பாட்டு உரிமையையே சொத்தா வாங்கினவங்களும் எப்பவும் ஜெயிக்கலை. லண்டன் பங்குச் சந்தையில் 2018-ல் பட்டியலான ஹிப்னோசிஸ் நிறுவனம் பெரிய பாடகர்களோட உரிமைகளை வாங்கி, வர்ற ராயல்டியை டிவிடெண்டா தர்றதுதான் திட்டம். 2023 அக்டோபர்ல டிவிடெண்டை நிறுத்தினாங்க. 2024-ல் பிளாக்ஸ்டோன் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கிக்கிச்சு. நல்ல வீட்டையும் அதிக விலைக்கு வாங்கினா வாடகை கட்டுப்படியாகாது. சரி, நம்ம பையன்கிட்ட வருவோம்.

350 ரூபாய் சொன்ன கதை

நான் முதல்ல பார்த்தது ஒப்பந்தத்தை இல்லை, அவனோட 26ஏஎஸ்-ஐ. பழக்க தோஷம். 35,000 ரூபாய்க்கு 350 ரூபாய் டிடிஎஸ், பிரிவு 194சி. (2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறும். விஷயம் அதேதான்.)

194சி என்பது கான்ட்ராக்ட் வேலை, 1%. பெயின்ட் அடிக்கறவருக்கு, லாரி ஓட்டறவருக்குப் பிடிக்கிற மாதிரி. ராயல்டின்னா அது 194ஜே, அதுக்கான விகிதம் 10%. டிடிஎஸ் பிரிவை வெச்சு உரிமை யாருதுன்னு முடிவாகாது, அதை ஒப்பந்தம்தான் சொல்லும். ஆனா அவங்க இவனை எந்தக் கண்ணுல பார்க்கறாங்கன்னு அந்த 350 ரூபாய் சொல்லிடுச்சு. அவங்க புத்தகத்துல இவன் பாட்டு எழுதினவன் இல்லை, கூலிக்கு வேலை முடிச்சுக் கொடுத்தவன்.

அப்புறம் அந்தப் பழைய ஒப்பந்தம், ரெண்டு பக்கம். எல்லா உரிமையும், உலகம் முழுக்க, 35 ஆயிரத்துக்கு. எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலை. ராயல்டி எவ்வளவுன்னு ஒரு வார்த்தை இல்லை.

இங்கேதான் பல பேருக்குத் தெரியாத சட்டம் வருது. காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 19: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்னுதான் எடுத்துக்கணும். எந்தெந்த நாட்டுக்குன்னு சொல்லலைன்னா இந்தியா மட்டும். 2012 திருத்தம் இன்னும் முக்கியமானது. சினிமாவில் சேராத பாட்டா இருந்தாலும், வரி எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் அந்தப் பதிவு பயன்படும்போது வர்ற ராயல்டியில் தங்களோட சமபங்கை விட்டுக் கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கிற காப்பிரைட் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாத்தித் தரலாம். "எனக்கு வேண்டாம்"னு கையெழுத்தே போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது.

அந்தப் பணத்தை வசூலிக்க ஐபிஆர்எஸ்னு ஒரு சங்கம் இருக்கு. பாடலாசிரியர், இசையமைப்பாளர், பப்ளிஷர்களுக்கானது. 2017-ல் காப்பிரைட் சங்கமா மறுபடியும் பதிவானது. உறுப்பினராகி, பாட்டைப் பதிவு செஞ்சாத்தான் பணம் தேடி வரும். பையன் அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை. 42 லட்சம் வியூஸ் ஓடி முடிச்சதுக்கு அப்புறம்தான் விண்ணப்பம் போட்டோம்.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து. அவன் வீட்டு மாடியில் கிடார் வெச்சு அதே பாட்டைப் பாடித் தன் சேனல்ல போட்டிருந்தான். அதுக்குக் காப்பிரைட் கிளைம் வந்துச்சு. யூடியூபோட கன்டென்ட் ஐடி, பாட்டு ஒத்துப் போகுதுன்னு அந்த மியூசிக் சேனல் கணக்குல சேர்த்துடுச்சு. ஸ்ட்ரைக் இல்லை, சேனலுக்கு ஆபத்தில்லை. ஆனா அந்த வீடியோவுல விளம்பரக் காசு வந்தா அவங்களுக்கு. "நான் பாடினதுண்ணா, என் மாடிண்ணா"ன்னான். அவன் சேனலுக்கு 1,000 சப்ஸ்கிரைபரும் 4,000 மணி நேரமும் இன்னும் சேராததால விளம்பர வருமானமே ஆரம்பிக்கலைங்கறது ஆறுதலா இல்லையான்னு தெரியலை.

நகையை வைக்கலாமா?

புது ஒப்பந்தம் 11 பக்கம். நான் வக்கீல் இல்லை, உரிமை சம்பந்தமான வரிகளை ஒரு வக்கீல்கிட்ட அனுப்பிட்டேன். பணம் சம்பந்தமான வரிகளை மட்டும் அம்மா முன்னாடியே கணக்குப் போட்டோம்.

பையனுக்கு 20% பங்கு. நல்லா இருக்கே? கீழே ஒரு வரி: அட்வான்ஸும் புரமோஷன் செலவும் "கலைஞரின் பங்கிலிருந்து" கழிக்கப்படும். அட்வான்ஸ் 1.5 லட்சம், புரமோஷன் 4.5 லட்சம் வரைக்கும் அவங்க இஷ்டம். ஆக 6 லட்சம். அவனோட 20%-ல இருந்து 6 லட்சம் கழியணும்னா பாட்டு மொத்தம் 30 லட்சம் சம்பாதிக்கணும். அதுவரைக்கும் அட்வான்ஸைத் தவிர அவன் கைக்கு ஒரு ரூபாய் வராது.

அதே வரியை "மொத்த வருமானத்திலிருந்து" கழிக்கப்படும்னு மாத்திப் பாருங்க. 30 லட்சத்துல 6 லட்சம் போக 24 லட்சம். அதுல 20%, 4.8 லட்சம் அவனுக்கு. ரெண்டு வார்த்தை மாறினா பூஜ்யம் 4.8 லட்சம் ஆகுது. அட்வான்ஸ்ங்கறது சம்பளம் இல்லைங்க, வரப்போற ராயல்டி மேல வாங்கின கடன். திருப்பிக் கேட்க மாட்டாங்க, ஆனா அது தீர்ற வரைக்கும் உங்க பங்கு உங்களுக்கு வராது.

அடுத்து அந்த 4 லட்சம் வீடியோ. செலவு பையனோடது, மாஸ்டர் உரிமை அவங்களோடது. அம்மாவைப் பார்த்து, "உங்க காசுல வீடு கட்டி, பட்டாவை அவங்க பேர்ல எழுதச் சொல்றாங்க"ன்னேன். அவ்வளவு நேரம் பேசாம இருந்த அம்மா, "அதெப்புடிங்க?"ன்னாங்க. அதுக்கப்புறம் நான் பெருசா எதுவும் விளக்க வேண்டி வரலை.

லோன் கணக்கையும் சொல்லிடறேன். 4 லட்சம், வருஷத்துக்கு 12% வெச்சா மாசம் 4,000 ரூபாய் வட்டி மட்டும். பையனோட சம்பளம் 17,000. பாட்டு ஓடினாலும், அவங்க கணக்குக் கொடுக்கறது 6 மாசத்துக்கு ஒரு தடவை. ஓடலைன்னா தங்கச்சி கல்யாணத்துக்கு நகை இல்லை. ஒரு பாட்டு வைரல் ஆனதால அடுத்ததும் ஆகும்னு நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. பெரும்பாலும் ஆகறதில்லை.

ஆனா அவன் கையில் உண்மையான பணம் ஒண்ணு இருந்துச்சு, அதை அவன் கவனிக்கவே இல்லை. 4 காலேஜ்ல இருந்து கல்ச்சுரல்ஸுக்குப் பாட வரச் சொல்லி மெசேஜ் வந்து, பதில் போடாம கிடந்துச்சு. ஒரு நிகழ்ச்சிக்கு 15,000. சை பண்ணின அதே வேலை, ஈரோடு அளவுல. வைரலோட சூடு சில மாசம்தான், அதுக்குள்ள மேடை ஏறணும். சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாத்தான், அவனுக்கு இப்போ தேவையில்லை. பாட்டோட காப்பிரைட்டை மியூசிக் கம்பெனிக்குக் கொடுத்தா, அதுக்கான ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ்ல கட்ட வேண்டியது வாங்குற கம்பெனிதான். உங்ககிட்ட பிடிச்சா ஏன்னு கேளுங்க. சொந்தச் சேனல்ல வருமானம் ஆரம்பிச்சா, அமெரிக்க வரிக்கான டபிள்யூ-8பென் படிவத்தை ஆட்சென்ஸ்ல நிரப்பிடுங்க. நிரப்பினா அமெரிக்காவில் பார்த்தவங்க மூலம் வர்ற பணத்துக்கு மட்டும் 15%, நிரப்பலைன்னா மொத்த வருமானத்துக்கும் 24% வரைக்கும் பிடிக்கலாம்.

வக்கீல் சொன்ன 3 மாற்றங்களோட மெயில் போச்சு: கழிவு மொத்த வருமானத்துல இருந்து, வீடியோ செலவு யாரோ மாஸ்டரும் அவங்களுக்கே, சொந்தச் சேனல்ல பாட அனுமதி. மூணாவதுக்கு ஒத்துக்கிட்டாங்க. முதல் ரெண்டுக்கும் "இது எங்க ஸ்டாண்டர்ட் ஃபார்மேட்"னு பதில். பாட்டோட பேரை நான் சொல்லாததுக்குக் காரணம் இதுதான், பேச்சுவார்த்தை இன்னும் முடியலை.

நகை பீரோவுலதான் இருக்கு. பையன் 7 காலேஜ்ல பாடினான், 1,05,000 ரூபாய். அதுல 38,000 செலவு பண்ணி ரெண்டாவது பாட்டைத் தானே பதிவு செஞ்சு, விநியோகஸ்தர் மூலம் தன் பேர்லேயே வெளியிட்டிருக்கான். இதை எழுதற வரைக்கும் 11 ஆயிரம் வியூஸ். முதல் பாட்டு பக்கத்துல வெச்சா ஒண்ணுமே இல்லை. மனையும் கட்டடமும் அவன் பேர்ல இருக்கு.

போன வாரம் அந்த அம்மா போன் பண்ணாங்க. ஐபிஆர்எஸ் பத்திக் கேட்பாங்கன்னு நினைச்சேன்.

"ஏனுங்க தம்பி, அந்த 350 ரூபா ரீஃபண்டு எப்பங்க வரும்?"